வாஷிங்டன் மாநில ஊதிய விடுப்பு: இரண்டு மாதப் பிடித்தம் விட்டுப்போனது, இப்போது என்ன செய்வது?

கேள்வி (கல்தோசை_வான்கூவர்):
வணக்கம். வாஷிங்டன் மாநில வான்கூவரில் (கனடா இல்லை) எங்களுக்கு இரண்டு உணவகங்கள், 27 பணியாளர்கள். 2026 ஜனவரி, பிப்ரவரி சம்பளத்தில் மாநிலத்தின் குடும்ப, மருத்துவ ஊதிய விடுப்புத் திட்டத்துக்கான பிரீமியத்தைப் பிடிக்கவில்லை. மார்ச்சில் சேர்த்துப் பிடிக்கலாமா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் போர்ட்லாந்தில் மட்டுமே வேலை செய்யும் சமையல்காரர் ஒருவரும் உண்டு. இன்னொருவர் 2025 நவம்பர் 10-இல் சேர்ந்தவர், வாரம் 35 மணி நேரம். ஜூன் நடுவில் பேறுகால விடுப்பு கேட்கிறார்.

பதில் 1 (காலாண்டு_கணக்கு):
சேர்த்துப் பிடிக்கக் கூடாது. ஒரு சம்பளத்தில் பிடிக்காமல் விட்டால், அந்தப் பங்கை முதலாளியே ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் கொள்ளும். அடுத்த சம்பளத்தில் கை வைக்க முடியாது. பணியாளர் சம்மதித்து எழுதிக் கொடுத்தாலும் அந்த வழியில் போகாதீர்கள்.

கணக்கு இப்படி: 2026-இல் மொத்த விகிதம் 1.13%. அதில் பணியாளர் பங்கு 71.43%, முதலாளி பங்கு 28.57%. 4,000 டாலர் சம்பளத்துக்கு மொத்தம் 45.20, பணியாளர் பங்கு 32.29. உங்களிடம் 50 பேருக்குக் கீழே இருப்பதால் முதலாளி பங்கு கட்ட வேண்டாம். ஆனால் பணியாளர் பங்கு, திட்டத்தை நடத்தும் மாநில வேலைவாய்ப்புத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். சராசரிச் சம்பளம் 4,000 என்றால் 27 பேருக்கு இரண்டு மாதம் சுமார் 1,744 டாலர், உங்கள் கையிலிருந்து.

முதல் காலாண்டு அறிக்கைக்கும் பணத்துக்கும் கடைசி நாள் ஏப்ரல் 30. வேலையின்மைக் காப்பீட்டு அறிக்கையும் அதே துறைக்குத்தான் போகிறது என்றாலும் இது தனி அறிக்கை. அதை அனுப்பியதும் இதுவும் முடிந்தது என்று நினைத்துப் பலர் கோட்டை விடுகிறார்கள். சம்பளமே கொடுக்காத காலாண்டிலும் 'சம்பளம் இல்லை' என்று அறிக்கை தர வேண்டும். 0.58% வா கேர்ஸ் (மாநில நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு) பிடித்தமும் இதே அறிக்கையில்தான் வரும், விட்டிருந்தால் அதையும் பாருங்கள்.

பதில் 2 (கொலம்பியா_கரை):
போர்ட்லாந்து சமையல்காரர் வாஷிங்டன் கணக்கில் வர மாட்டார். வேலை முழுக்க ஓரிகனில் நடப்பதால் ஓரிகன் திட்டம்தான், வீடு எங்கே இருந்தாலும் சரி. அங்கே விகிதம் 1%: பணியாளர் 60, முதலாளி 40.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஓரிகனில் 25 பேருக்குக் கீழே இருந்தால் முதலாளி பங்கு இல்லை. ஆனால் தலைகளை எண்ணும்போது வெளிமாநிலப் பணியாளர்களையும் சேர்ப்பார்கள். அங்கே ஒரே ஒருவர் இருந்தாலும் நீங்கள் 25-ஐத் தாண்டிய நிறுவனம். அந்த ஒருவர் சம்பளத்துக்கு முதலாளி பங்கு கட்டியாக வேண்டும்: 4,000-க்கு 16 டாலர். தொகை சின்னது, ஆனால் விட்டால் பிறகு அறிக்கைகளைத் திருத்தி அலைய வேண்டும்.

பதில் 3 (விடுப்பு_விவரம்):
பேறுகால விடுப்பில் இரண்டு கேள்விகள் தனித்தனி. பணம் கிடைக்குமா? வேலை காத்திருக்குமா?

பணத்துக்கு 820 மணி நேரம் வேண்டும், அதுவும் முடிந்த காலாண்டுகளில். ஜூனில் விண்ணப்பித்தால் மார்ச் 31 வரைதான் எண்ணுவார்கள்: உங்களிடம் சுமார் 20 வாரம், 700 மணி நேரம். போதாது. அதற்கு முன் வாஷிங்டனில் வேறு இடத்தில் வேலை செய்திருந்தால் அந்த மணிகளும் சேரும், அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஜூலையில் விண்ணப்பித்தால் இரண்டாம் காலாண்டும் கணக்கில் வரும். தகுதியைத் தீர்மானிப்பது துறை, நீங்கள் அல்ல. உங்கள் வேலை, அவர் உழைத்த மணிகளைச் சரியாக அனுப்புவது. சம்பளத்தை மட்டும் கவனித்து மணிகளைக் குத்துமதிப்பாகப் போடுவது பெரிய தவறு, பாதிக்கப்படுவது பிள்ளை பெற்றவர்.

வேலைப் பாதுகாப்பு: 2025 வரை 50 பேர் உள்ள இடங்களுக்கு மட்டும். 2026 ஜனவரி 1 முதல் 25 பேர், 2027-இல் 15, 2028-இல் 8. சேர்ந்து 180 நாள் ஆகியிருந்தால் போதும். அவருக்கு மே மாதமே ஆகிவிடும். அதாவது அவர் திரும்பும்போது அதே வேலை, அல்லது அதற்கு நிகரான வேலை. 'சின்னக் கடை, எங்களுக்கு இல்லை' என்ற பழைய பதில் இனி செல்லாது.

அவர் தொடர்ந்து 7 நாள் வராமல் இருப்பது இந்த விடுப்புக்காக என்று தெரிந்தால், அதிலிருந்து 5 வேலை நாளுக்குள் உரிமைகள் பற்றிய எழுத்து அறிவிப்பைக் கொடுங்கள். துறையின் சுவரொட்டி இரண்டு கடைகளிலும் இருக்க வேண்டும்.

கல்தோசை_வான்கூவர்:
மிக்க நன்றி. அவருக்கு 40 மணி நேரம் சம்பள விடுப்பு பாக்கி இருக்கிறது. அதை முதலில் தீர்க்கச் சொல்லலாமா?

விடுப்பு_விவரம்:
சொல்லக் கூடாது, அது அவர் விருப்பம். ஆனால் அதைத் 'துணைப் பலன்' என்று எழுத்தில் குறித்து, மாநிலப் பணத்தோடு சேர்த்துத் தர முன்வரலாம். அப்படிக் குறித்தால் துறைக்கு வாரந்தோறும் அனுப்பும் கோரிக்கையில் அவர் அதைக் காட்ட வேண்டியதில்லை. குறிக்காமல் சாதாரண விடுப்பாகக் கொடுத்தால் காட்ட வேண்டும், மாநிலப் பணம் குறையும். எந்த வகை என்று விடுப்பு தொடங்கும் முன்பே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.