இடம் இருந்தும் மலர்ப்பெட்டிகளை இறக்கிவிடுவது முறைதானா?

கோத்தகிரி விவசாயி:
எங்கள் பசுமைக்குடிலில் விளைந்த கார்னேஷன் மலர்கள் விடியுமுன்னே கோவை விமான நிலையத்தைச் சென்றடைந்தும், எடை கூடிவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டன. சரக்கறையில் இடம் மிச்சமிருந்ததைச் சுமை ஏற்றியவர்களே கூறினார்கள். 6000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று பருமனைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குபவர்கள், ஏற்றும்போது மட்டும் எடையைக் காரணம் காட்டுவது என்ன நியாயம்?

குன்னூர்வாசி:
நண்பரே, சரக்கு விமானங்களுக்கு லோடு பிளான், அதாவது எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்ற திட்டம், போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்டணக் கணக்கு வேறு, சுமைக் கணக்கு வேறு. தராசு காட்டும் எடை எவ்வளவு, அது விமானத்தின் நீளவாக்கில் எங்கே அமர்கிறது என்பதே எங்கள் கேள்வி. ஒவ்வொரு அறைக்கும் அதன் தரைக்கும் தாங்கும் வரம்பு உண்டு. புறப்படும்போது அனுமதிக்கப்படும் மொத்த எடையோ ஓடுபாதையையும் அன்றைய வெப்பத்தையும் பொறுத்து மாறும். 1997 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் மயாமியில் ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானத்தின் ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் சமனாகும் புள்ளி), விமானிகள் கையிலிருந்த சுமைக் கணக்குத் தாள் காட்டியதைவிடப் பின்னால் இருந்தது. அந்தத் தாளை நம்பி டிரிம் (சமநிலைக்காக வால் இறக்கையின் சாய்வு) வைக்கப்பட்ட விமானம், எழும்பியதும் மூக்கைத் தூக்கி, தூக்குவிசை இழந்து விழுந்ததில் தரையில் இருந்த ஒருவர் உட்பட ஐவர் மாண்டனர்.

உதகை பொறியாளர்:
ஈர்ப்பு மையம் வரம்புக்குள் சற்றுப் பின்னால் அமைந்தால், வால் கீழ்நோக்கி அழுத்த வேண்டிய விசை குறைந்து எரிபொருள் மிச்சமாகும். அந்த இடத்தைக் கணினி நொடியில் கண்டுபிடித்துவிடும். மனிதர்கள் அச்சத்தில் வரம்புக்கு முன்பே விடும் கூடுதல் இடைவெளிதான் பெட்டிகளை இறக்க வைக்கிறது.

குன்னூர்வாசி:
கொடுக்கும் எடை தவறானால் கணினியின் விடையும் தவறுதான். தோட்டத்தில் எடை போட்டுச் சீட்டு ஒட்டிய பிறகு, பெட்டியைத் திறந்து ஜெல் பனிப்பைகளைத் திணிப்பதை நானே பார்த்திருக்கிறேன். சரக்கைக் கட்டும் வேலையும் கணினியுடையதன்று. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் போயிங் 747 விமானத்தில் ஏற்றிய இராணுவ வாகனம் கட்டு விடுபட்டுப் பின்னோக்கி ஓடி, திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பையும் வாலின் இயக்கத்தையும் சிதைத்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தனர்.

கோத்தகிரி விவசாயி:
பனிப்பை வைத்த பிறகே எடை போடுவதை எல்லாத் தோட்டங்களுக்கும் கட்டாயமாக்கட்டும், ஐயா. ஆனால் இயந்திர உதிரிபாகம் மறுநாள் போகலாம், மலர் வாடிவிடும். இறக்கியே ஆகவேண்டும் என்றால் அழுகும் சரக்கைக் கடைசியாகத்தானே தொட வேண்டும்?

குன்னூர்வாசி:
அதில் நான் உங்கள் பக்கம். ஆயினும் பின்னறையில் எடை மிகுந்தால் பின்னறையிலிருந்துதான் இறக்க முடியும். மலர் அங்கே இருந்தால், முன்னறைக்கு மாற்ற நேரமும் அங்கே வரம்பும் இருக்க வேண்டும். அதனால்தான் சரியான எடை முதல் நாள் மாலையே எங்களுக்கு வரவேண்டும் என்கிறேன்.