எத்தனால் ஆலை வருகிறது, கழிவு எங்கே போகும்?

கரும்புக்காடு:
எங்கள் ஊர்ப் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் மொலாசஸிலிருந்து (சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்பாகு) எத்தனால் எடுக்கும் டிஸ்டில்லரி வரப்போகிறது, ஒரு நாளைக்கு 60,000 லிட்டராம். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே வராது என்கிறார்கள். எங்கள் கிணறுகள் அரைக் கிலோமீட்டரில் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈஸ்ட்:
நான் டிஸ்டில்லரி லேபில் இருக்கிறேன். மொலாசஸில் தண்ணீர் கலந்து ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் கிடைக்கும் வாஷில் ஆல்கஹால் பத்து சதவீதம் வந்தாலே நல்ல விளைச்சல். அதைக் காய்ச்சி ஆல்கஹாலைப் பிரித்த பிறகு அடியில் மிஞ்சுவதுதான் ஸ்பென்ட் வாஷ். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்குப் பத்து லிட்டர் ஸ்பென்ட் வாஷ் என்று வைத்தால்கூட உங்கள் ஆலையில் தினமும் ஆறு லட்சம் லிட்டர் வரும். கொதிக்கக் கொதிக்க, அமிலமாக, கருப்புக் காப்பி நிறத்தில் இறங்கும். வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு) லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம்தான், இதில் 40,000-ஐத் தாண்டும். இதிலிருந்து பயோகேஸ் எடுத்த பிறகும் அந்த நிறம் போகாது, பாக்டீரியாவால் அதை எளிதில் சிதைக்க முடியாது.

வெளியே விடாமல் இருக்க வழி உண்டு. எவாப்பரேட்டரில் (நீரை ஆவியாக்கும் மெஷின்) சுண்ட வைத்து, கெட்டியானதைக் கரும்புச் சக்கையோடு பாய்லரில் எரித்துவிடலாம். ஆனால் எவாப்பரேட்டர் குழாய்களில் அடை பிடிக்கும், சுத்தம் செய்ய நிறுத்த வேண்டும், அந்த நேரத்திலும் காய்ச்சுவதை நிறுத்தாவிட்டால் எல்லாம் லகூனுக்குத்தான் (கழிவுநீரைத் தேக்கும் குட்டை) போகும். அதனால் எந்த மெஷின் என்று கேட்பதைவிட, அது நின்றால் உற்பத்தியை நிறுத்துவீர்களா என்று கேளுங்கள்.

மண்புழு:
சில ஆலைகளில் எரிக்காமல் பிரஸ்மட் (கரும்புச் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் சேறு) மேல் தெளித்து கம்போஸ்ட் ஆக்குகிறார்கள். நல்ல உரம்தான், நானே போட்டிருக்கிறேன். ஆனால் மழைக்காலத்தில் அது காயவே காயாது, களத்தில் தளம் சரியில்லை என்றால் கருப்புத் தண்ணீர் நேராக மண்ணுக்குள் இறங்கிவிடும். எரித்த சாம்பலில் பொட்டாஷ் (பொட்டாசியம் சத்து) நிறைய, அதைக் குருணையாக்கி உரமாக விற்கிறார்கள். பொட்டாஷுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கும் நமக்கு இது பெரிய விஷயம்.

கரும்புக்காடு:
நன்றி அண்ணா. அரிசி, மக்காச்சோளத்தில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையா?

ஈஸ்ட்:
குறைவு தம்பி. தானியத்தில் மிஞ்சும் சக்கையைக் காயவைத்து மாட்டுத் தீவனமாக விற்றுவிடலாம், அதற்கு விலை உண்டு என்பதால் யாரும் வீணாக்க மாட்டார்கள். அதே சமயம், உணவு தானியத்தை எரிபொருளாக்கலாமா என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

அப்புறம் ஒன்று, ஆலை ஓடத் தொடங்கும் முன்பே உங்கள் கிணற்றுத் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுத்து நிறம், உப்பு, பொட்டாசியம் மூன்றையும் பார்த்து அறிக்கையை வாங்கி வையுங்கள். பின்னால் தண்ணீர் மாறினால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.