ஹரப்பா ஏன் பைபிளில் இல்லை?

தாராவி_90:
போன ஞாயிறு சர்ச்சில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது படிக்கிற பையன் ஒருவன் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தோடு வந்து நின்று, "ஹரப்பா, சீனா எல்லாம் பைபிளில் ஏன் வரவே இல்லை அண்ணா?" என்றான். பிஸ்கட்டைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டேன். என்ன சொல்லியிருக்கலாம்?

டோம்பிவிலி வாசி:
எழுதியவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆதியாகமம் 10-ல் உலகத்து ஜாதிகளின், அதாவது தேசத்து ஜனங்களின், பட்டியல் வரும். எகிப்து, பாபேல், அந்தப் பக்கம் ஏலாம் (இன்றைய ஈரானின் தென்மேற்கு) வரை போகும். அதைத் தாண்டிச் சிந்துவும் இல்லை, சீனாவும் இல்லை.

செம்பூர் டீச்சர்:
தெரியாததை விட்டார்கள், சரி. தெரிந்ததையும் ஏன் விட்டார்கள்? இஸ்ரவேலை ஆண்ட உம்ரி ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். சமாரியாவைக் கட்டியவன், அவன் வம்சம் ஒழிந்த பிறகும் அசீரியர்கள் இஸ்ரவேலை 'உம்ரியின் வீடு' என்றே எழுதினார்கள். பைபிளில் அவனுக்கு ஆறேழு வசனம், மிச்சத்தை ராஜாக்களின் நாளாகமத்தில் பார்த்துக்கொள் என்று முடித்துவிடும் (பைபிளில் இருக்கும் நாளாகமம் இல்லை, வேறு; அந்தப் புத்தகம் இன்று யார் கையிலும் இல்லை, அது வேறு வயிற்றெரிச்சல்). மகன் ஆகாப் கி.மு. 853-ல் அசீரியர்களை எதிர்த்த கர்க்கார் போருக்கு 2,000 தேரும் 10,000 காலாட்களும் கொண்டுபோனதாக அசீரிய ராஜா மூன்றாம் சல்மனேசரின் கல்வெட்டு சொல்கிறது. பைபிள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. ஆனால் பக்கத்து நிலத்துக்காரன் நாபோத்தைக் கொன்று திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒரு முழு அதிகாரம். எழுதியவருக்குத் தேர்க்கணக்கு முக்கியமில்லை.

டோம்பிவிலி வாசி:
நல்ல பதில்தான், ஆனால் அது என் பக்கம்தானே டீச்சர்? ஒரு சின்ன மலைநாட்டு ஜனங்கள் தங்கள் கதையைத் தங்களுக்கு வேண்டியபடி எழுதிக்கொண்டார்கள் என்றால் எனக்குத் தகராறே இல்லை, அதையே உலகத்துக்கெல்லாம் பொதுப் புத்தகம் என்னும்போதுதான் இடிக்கிறது.

மாட்டுங்கா மணி:
புறநானூற்றில்கூட யவனர் கொண்டுவந்த மது வரும், அலெக்ஸாண்டர் வரமாட்டான். அதற்காக அதைக் குறை சொல்வோமா?

டோம்பிவிலி வாசி:
புறநானூற்றை நம்பாவிட்டால் நரகம் என்று யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னதில்லையே மணி.

செம்பூர் டீச்சர்:
கதவைத் தட்டியவர்களுக்கு நான் ஜவாப்தாரி இல்லை. தம்பி, இந்தியாவே இல்லை என்று மட்டும் பையனிடம் சொல்லிவிடாதே. எஸ்தர் புத்தகத்தின் முதல் வசனத்திலேயே 'இந்து தேசம்' இருக்கிறது. சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயில்களுக்கு எபிரேயத்தில் 'துக்கீம்', நம்முடைய 'தோகை'தான் அது என்று கால்டுவெல் எழுதினார்.

டோம்பிவிலி வாசி:
மயிலே இல்லை, ஒரு குரங்கு வகை என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு.

செம்பூர் டீச்சர்:
உண்டு. அதையும் பையனிடம் சொல்லட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது. அப்புறம் நம்ம மும்பை காலா கோடா மியூசியத்தில் நிம்ரூத்திலிருந்து வந்த அசீரியக் கற்பலகைகள் இருக்கின்றன. அந்தச் சல்மனேசரின் தலைநகர்தான் நிம்ரூத். கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

தாராவி_90:
வகுப்பில் 14 பேர், டீச்சர். பிள்ளைகளுக்கு டிக்கெட் எவ்வளவு?