22:30 எப்படி 1350 ஆனது?

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரிகல், கம்ப்யூட்டர் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். கொழுந்தைப் பரப்பி வாடவிடும் டிரஃப் எங்களிடம் 14 உண்டு. எந்த ஃபேன் எத்தனை மணிக்கு ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது டிரஃபுக்கு ஒரு யாமல் (YAML, அமைப்புகளை எழுதி வைக்கும் ஒரு வடிவம்) ஃபைலாக இருக்கும். பனிமூட்டம் இறங்கி ஈரம் ஏறிவிட்டால் நேரத்தை மாற்றுவோம். எதில் என்ன இருக்கிறது என்று ஒரே பட்டியலாகப் பார்க்க, பைதானில் பத்து வரி எழுதினேன். ஃபைலைத் திற, சேஃப்லோட் (யாமலைப் படித்துத் தரும் கட்டளை) போடு, நேரப்படி அடுக்கு, அச்சிடு. அவ்வளவுதான்.

அடுக்கும் இடத்தில் நின்றுவிட்டது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாதாம். எல்லாமே நேரம்தானே, எண் எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தேன். 04:30 அப்படியே வந்தது. 22:30 மட்டும் 1350!

கால்குலேட்டரைத் தட்டியதும் பிடிபட்டது. 22-ஐ 60-ஆல் பெருக்கி 30-ஐக் கூட்டினால் 1350. நடுவே முக்காற்புள்ளி (:) வரும் எண்ணை அறுபதின் கணக்கில் எடுத்துக்கொள்வது யாமல் 1.1-இன் விதி. பூஜ்யத்தில் தொடங்குவது அதில் சேராது. விடிகாலை நேரங்கள் அதனால்தான் தப்பின. 2009-இல் வந்த 1.2 இந்த விதியைக் கைவிட்டது. ஆனால் பைதானில் யாமலைப் படிக்க நாம் வழக்கமாகப் போடும் பையாமல் லைப்ரரி இன்னும் 1.1 வழியில்தான் போகிறது.

நேரத்தை மேற்கோள்குறிக்குள் போட்டாலே சரியாகிவிடும். ஆனால் அதே ஃபைலைத்தான் ஃபேனை இயக்கும் கன்ட்ரோலரும் படிக்கிறது. டிரஃபில் கொழுந்து கிடக்கும்போது அதில் கை வைக்க மனசு வரவில்லை. சேஃப்லோடுக்குப் பதிலாக பையாமலிலேயே இருக்கும் பேஸ்லோடர் போட்டேன். அது எதையும் எண்ணாக மாற்றாது, எழுதியதை எழுத்தாகவே தரும். பட்டியல் ஒழுங்காக வந்தது.

கொடைக்கானலிலிருந்து ஒரு பதில்:

எனக்கு ஐஎன்ஐ (INI, அமைப்புகளை எழுதும் இன்னொரு வடிவம்) ஃபைலில் இதே மாதிரி ஒன்று நடந்தது, அண்ணா. காளான் அறைக்கு ஈரப்பதம் 85% என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்கும் பைதானின் கான்ஃபிக்பார்சர் ஃபைலைப் படிக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை, மதிப்பைக் கேட்டபோதுதான் பிழை. % வந்தால் ஃபைலில் வேறொரு பெயருக்கு எழுதிய மதிப்பை அங்கே நிரப்பப் பார்க்குமாம். இன்டர்போலேஷன் என்ற அந்த நிரப்பும் வேலையை நிறுத்திய பிறகு சரியாகிவிட்டது. அப்புறம், உங்கள் ஃபைலில் டிரஃப் எண் 010 என்று எங்காவது இருந்ததா? யாமல் 1.1-இல் பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டின் கணக்கு என்பதால், சேஃப்லோட் அதை 8 என்று படித்திருக்கும். பழைய பட்டியலை யாருக்காவது கொடுத்திருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.