பெட் சோர் (ஒரே நிலையில படுத்திருந்தா அழுத்தத்துல வர்ற படுக்கைப் புண்): சாக்ஸைக் கழற்றிப் பார்க்காம விட்டுட்டேன்

கோத்தகிரி மகள்
அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு ஊட்டியில ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். டிசம்பர் உறைபனி. கால் ஜில்லுனு இருக்குன்னாங்க, திபெத்தியன் மார்க்கெட்ல கம்பளி சாக்ஸ் வாங்கி நானே மாட்டிவிட்டேன். முதுகைத் தினமும் பார்த்தோம், புண் இல்ல. காலை யாரும் பார்க்கல. எட்டாம் நாள் லேசா ஒரு வாடை. சாக்ஸை உருவினா வரல, நூல் குதிகால்ல ஒட்டிக்கிச்சு. சலைன் விட்டு நனைச்சுத்தான் எடுத்தாங்க. அஞ்சு ரூபா காசு அளவுக்குக் கறுப்பு, நசுங்கின நாவல்பழம் மாதிரி. சுகர் 15 வருஷமா இருக்கு, பாதத்துல உணர்ச்சி கம்மி. "வலிக்கவே இல்லையே கண்ணு"ன்னு அம்மா என்னைத் தேத்துறாங்க. அவங்க என்னைத் தேத்தினதுதான் இன்னிக்கு வரைக்கும் தாங்கல.

குன்னூர் எஸ்டேட் பையன்
அக்கா, பழியை உங்க மேல போட்டுக்காதீங்க. பார்க்க வேண்டியது நர்ஸுங்க. எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக். ஆம்புலன்ஸ்ல கோயம்புத்தூருக்கு இறக்கினோம். மேட்டுப்பாளையம் ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் அப்பா கால்பக்கம் சரிவாரு, நான் அக்குளைப் பிடிச்சு மேல இழுப்பேன். அங்க போயும் யாரும் திருப்பிப் படுக்க வெக்கல. மூணாம் நாள் வால் எலும்பு மேல தோல் உரிஞ்சு நிக்குது. தோல் துணியோட ஒட்டிக்கும், உள்ள எலும்பு நகரும், நடுவுல இருக்கிற ரத்தக்குழாய் நசுங்கும், அதனால ஆளைத் தூக்கித்தான் நகர்த்தணும், இழுக்கக் கூடாதுன்னு அப்புறமா டாக்டர் சொன்னாரு. மலை இறங்குறதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம்.

நைட் டூட்டி சிஸ்டர்
தம்பி, ராத்திரி முழு வார்டுக்கும் நாங்க ரெண்டே பேர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பணும்னு தெரியாம இல்ல. தேயிலைக் கொழுந்து பறிச்ச ஒரு பாட்டி, எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டுல இருந்து வந்தவங்க. திருப்பப் போனேன். மருமக என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இப்பத்தான் கண் அசந்தாங்க, விட்டுருங்க சிஸ்டர்"னு கெஞ்சுனாங்க. விட்டுட்டேன். நடுவுல வேற கேஸ் வந்துச்சு, விடிஞ்சுதான் திரும்பிப் போனேன். இடுப்புக்குக் கீழ கருத்தாப்ல ஒரு வட்டம். கட்டைவிரலால அமுக்கி எடுத்தேன். அந்த இடம் வெளுத்துத் திரும்பணும். வெளுக்கல, அப்படின்னா புண் ஆரம்பிச்சாச்சு. நம்ம நிறத்துக்கு சிவப்பு சரியாத் தெரியாது. புறங்கையை வெச்சேன், சூடா, கெட்டியா இருந்துச்சு. அந்த மருமகளைக் குத்தம் சொல்ல மாட்டேன். திருப்பியிருக்க வேண்டியது நான்.

பண்ணைக்காடு பெரியவர்
என் மனைவி மூன்று மாதம் படுக்கையில் இருந்தாள், புண் வந்து ஆறியது. யார் தப்பு என்பதை விடுங்கள். சிவந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்க்காதீர்கள், உள்ளே நைந்த சதை இன்னும் நையும். நானே தேய்த்தவன். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையமும் வேண்டாம். சுற்றி அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். முழுப் பக்கவாட்டில் படுத்தால் இடுப்பெலும்பு அழுந்தும், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். தலைமாட்டை ரொம்ப உயர்த்தினால் உடம்பு வழுக்கிக் கீழே வரும், சாப்பாட்டு நேரத்தோடு இறக்கிவிடுங்கள். ஈரத் துணியை உடனே மாற்றுங்கள். முட்டை, பருப்பு தவறாமல் கொடுங்கள். காற்று மெத்தை வாங்கினாலும் திருப்புவதை நிறுத்தாதீர்கள்; மழைக்காலத்தில் இங்கே மரம் விழுந்து கரண்ட் போனால் மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டாரும் நின்றுவிடும்.

கோத்தகிரி மகள்
சிஸ்டர், நீங்க எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். தம்பி, அவங்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாருப்பா. அம்மா இப்ப வாக்கர் வெச்சு நடக்குறாங்க. அந்தப் புண் ஆற நாலு மாசம் ஆச்சு. அந்த இடத்துல தோல் இன்னும் மெலிசா, பளபளன்னு இருக்கு. தினமும் படுக்கும்போது சாக்ஸை உருவி டார்ச் அடிச்சுப் பார்க்குறேன். "போதும் மாட்டிவிடு, குளிருது"ங்குறாங்க.