காட்டுக்குதிரைன்னு எதைச் சொல்லலாம்? கொருக்குப்பேட்டை தெருவுல நிக்கறது எந்த வகை?

கொருக்குப்பேட்டை63:
எங்க ஏரியால ராத்திரி பத்து மணிக்கு மேல ரெண்டு குதிரை குப்பைத்தொட்டி ஓரமா நிக்குது. கயிறும் இல்ல, ஆளும் இல்ல. பசங்க காட்டுக்குதிரைங்கிறாங்க. கொடியக்கரையில இருக்கறதையும் அப்படித்தான் சொல்றாங்க, மங்கோலியாவுல இருக்கறதையும் அப்படித்தான். மூணும் ஒண்ணாபா? பார்த்தே பிரிக்க முடியுமா? மிச்ச சோறு வைக்கலாமா?

லாயக்காரன்:
மூணும் வேற வேற தலைவரே. கட்டியிருக்கா, ஆளைக் கண்டா ஓடுதான்னு பார்த்துப் பிரிச்சா தப்பாப் போகும். அதோட முன்னோர் மனுஷன் கையில வளர்ந்ததான்னுதான் பார்க்கணும்.

மங்கோலியாவுல இருக்கறது தாக்கி, அதாவது பிரெஸ்வால்ஸ்கி குதிரை. அதுக்கு 66 குரோமோசோம், நம்ம ஊர்க் குதிரைக்கு 64. ரெண்டும் சேர்ந்தா 65-ஓட குட்டி போடும். கோவேறு கழுதை மாதிரி அந்தக் குட்டி மலடு இல்ல. தாக்கிக்குப் பிடரி மயிர் பிரஷ் மாதிரி நிமிர்ந்து நிக்கும், நெத்தியில மயிர் தொங்காது, மூக்கைச் சுத்தி வெளுத்திருக்கும். 1969-க்கு அப்புறம் காட்டுல யார் கண்ணுலயும் படல. ஜூவுல மிஞ்சினதைப் பெருக்கி 1992-லிருந்து திரும்ப மங்கோலியாவுல விட்டாங்க.

கொடியக்கரை, அமெரிக்காவோட மஸ்டாங், ஆஸ்திரேலியாவோட பிரம்பி எல்லாம் வீட்டுக்குதிரை வாரிசு. காடேறின குதிரைன்னு வேணா சொல்லலாம் (காட்டேரின்னு படிச்சிடாதீங்க). கொடியக்கரையில மட்டக்குதிரைம்பாங்க. வெளிமான் மேயற புல்லையே அதுவும் மேயுது, சீமைக்கருவேலக் காயைத் தின்னுட்டு லத்தியில விதையைப் பரப்புது.

உங்க தெருவுல நிக்கறது ரெண்டும் இல்ல. ஊர்வலமோ சாரட்டு வண்டியோ முடிஞ்சதும் யாரோ அவிழ்த்து விட்டதாத்தான் இருக்கும். குளம்போட வெளிச்சுவர்ல, தரைக்குக் கொஞ்சம் மேல, லாட ஆணி ஓட்டை இருக்கான்னு பாருங்க. குளம்பு மாசத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், அதனால லாடம் கழட்டி ரெண்டு மூணு மாசம் வரைக்கும் ஓட்டை தெரியும். மூக்குத்தண்டுல கயிறு தேய்ஞ்ச தடம், பிடரி முடியற இடத்துல சேணம் அழுத்தி நரைச்ச மயிர், இதுல ஒண்ணு இருந்தாலே ஆள் வளர்த்த குதிரைதான். நேர் பின்னாடி நின்னு பார்க்காதீங்க, அங்க அதுக்குக் கண்ணு தெரியாது, உதைச்சிடும். தோள் பக்கமா பேசிக்கிட்டே போங்க.

வேப்பேரி_ஓரம்:
தாக்கி விஷயத்துல ஒரு திருத்தம். வடக்கு கஜகஸ்தான்ல போட்டாய்ங்கிற இடத்துல சுமார் 5500 வருஷத்துக்கு முன்னாடி இருந்த குதிரைங்களோட வழிவந்ததுதான் தாக்கின்னு 2018 மரபணு ஆய்வு சொல்லுது. போட்டாய் ஆளுங்க குதிரையைப் பழக்கினாங்கன்னு வச்சுக்கிட்டா, தாக்கியும் காடேறினதுதான்! ஆனா அங்க கிடைச்ச பல்லுல இருக்கற தேய்மானம் கடிவாளத்தால வந்தது இல்ல, இயல்பாவே வரும்னு 2021-ல மறுத்துட்டாங்க. சண்டை ஓயல. இன்னைக்கு இருக்கற வீட்டுக்குதிரையோட பூர்வீகம் வோல்கா - தோன் நதிப் பக்கம்னு அதே 2021-ல இன்னொரு ஆய்வு காட்டிடுச்சு.

சோறு வேணவே வேணாம், பிரியாணியும்தான். அவ்வளவு மாவுச்சத்து மொத்தமா பெருங்குடலுக்குப் போனா புளிச்சு வாயு அடைக்கும், குளம்புக்குள்ள வீக்கம் வரும். குதிரையால வாந்தியும் எடுக்க முடியாது. குப்பைத்தொட்டியில ஆபத்து பிளாஸ்டிக் கவர்தான், குடலை அடைச்சிடும். பக்கெட் தண்ணி வைங்க, ஒரு குதிரை நாளைக்கு 25 - 40 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்துல இன்னும் கூட. விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்துச்சுன்னா, தரையில புரண்டுச்சுன்னா, லத்தி போடலைன்னா உடனே கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்குப் போன் போடுங்க.

கொருக்குப்பேட்டை63:
ஆணி ஓட்டை இருக்குண்ணா. ஒண்ணுக்கு முன்னங்குளம்பு செருப்பு நுனி மாதிரி மேல வளைஞ்சிருக்கு. காட்டுல விட்டா தேய்ஞ்சு சரியாயிடாதா?

லாயக்காரன்:
காடேறின குதிரை நாளெல்லாம் நடந்து மேயும், கட்டாந்தரை தேய்ச்சு விட்டுடும். லாடம் போட்ட குளம்பு தேயாது, 6 - 8 வாரத்துக்கு ஒருதரம் செதுக்கணும். இது அந்த அளவைத் தாண்டிடுச்சு. குளம்புல வளையம் வளையமா கோடு இருக்கா பாருங்க. கோட்டுக்கு நடுவுல இடைவெளி முன்னாடி நெருக்கமாவும் குதிகால் பக்கம் அகலமாவும் இருந்தா, உள்ள வீங்கின பழைய நோய்தான். எக்ஸ்ரே எடுக்காம கத்தி வைக்கக் கூடாது, உள்ள இருக்கற எலும்பு சாஞ்சிருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகணும், அதுவும் நடத்தி இல்ல, வண்டியில ஏத்தி.