ஆச்சி வீட்டுக் குழு: சனிக்கிழமைக்குத் தாமரைக் கிழங்கு உருண்டை

கார்த்தி: ஒரு விஷயம். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு என் வூகான் தோழியும் அவள் அம்மாவும் வருகிறார்கள். அந்த ஆன்ட்டிக்குத் தாமரைக் கிழங்கு உருண்டை பொரித்துக் கொடுக்க வேண்டும். யார் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்?

பெரியம்மா: எந்தத் தோழி

ராணி அத்தை: எந்தத் தோழி??

கார்த்தி: கூடப் படித்தவள் அத்தை. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ராணி அத்தை: சரி சரி

பெரியம்மா: தாமரையில் கிழங்கா

சித்ரா சித்தி: வற்றல் போடுவார்களே அக்கா, ஓட்டை ஓட்டையாக. அதுதான்

மாமா: கிழங்கு என்கிறோம், உண்மையில் அது தண்டு. இஞ்சி, மஞ்சள் மாதிரி மண்ணுக்குள் படுத்து ஓடுவது. சேற்றுக்குள் காற்று இல்லை அல்லவா, இலை வாங்கும் காற்று அந்த ஓட்டைகள் வழியாகத்தான் கீழே போகிறது.

சித்ரா சித்தி: மணி அடித்தாயிற்று, வகுப்பு தொடங்கிவிட்டது

பெரியம்மா: மேல் தொட்டிக்கு மோட்டார் போட்டது யார்? வழிகிறது

பிரியா: நான் வீட்டில் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டேன். முதல் தடவை எண்ணெயில் போட்டதும் உதிர்ந்துபோனது. ஏனென்று அப்புறம்தான் புரிந்தது. விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பிரியா: கிழங்கு ஒரு கிலோ. குண்டாக, முற்றியதாகப் பார்த்து வாங்க வேண்டும். வூகான் பக்கம் 7 ஓட்டை உள்ளது மாவாக இருக்கும், 9 ஓட்டை உள்ளது நறுக்கென்று இருக்கும் என்று சொல்வார்களாம். உருண்டைக்கு மாவாக இருப்பதுதான் வேண்டும். இரண்டு பக்கமும் கணு மூடியிருந்தால் உள்ளே சேறு போயிருக்காது. தோலைச் சீவிவிட்டு, சீவியதும் தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் வாழைக்காய் மாதிரி கறுத்துவிடும். முக்கால் பங்கைப் பொடிக்கண் துருவியில் கூழாகத் தேய்க்க வேண்டும். மீதியைக் கத்தியால் பொடியாக நறுக்கிச் சேர்த்தால் கடிக்கும்போது தட்டுப்படும்.

ராணி அத்தை: மிக்ஸியில் அடித்தால்?

பிரியா: வேண்டாம் அத்தை, நீர்த்துவிடும். இனிமேல்தான் முக்கியமான இடம். துருவியதைத் துணியில் கட்டிப் பிழியுங்கள், ஆனால் சக்கையாகும் வரை பிழிய வேண்டாம். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! முதல் தடவை நான் கொட்டியதால்தான் உதிர்ந்தது. அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் தண்ணீரை மெதுவாக இறுத்துவிட்டுப் பாருங்கள், பாத்திரத்தைச் சாய்த்தாலும் நகராது, கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதைத் துருவலோடு பிசைந்தால் போதும், உருண்டை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பெரியம்மா: மரவள்ளிக் கிழங்கில் எங்கள் அம்மா இப்படித்தான் மாவு எடுப்பார்

பிரியா: அதே முறைதான் பெரியம்மா

சித்ரா சித்தி: முட்டை போட வேண்டுமா

பெரியம்மா: சனிக்கிழமை என் அடுப்பில் முட்டையா

சித்ரா சித்தி: கேட்டேன் அவ்வளவுதான்

கார்த்தி: வேண்டாம். அவர்களும் சைவமாகச் செய்வார்கள். பன்றி இறைச்சி கலந்தும் செய்வதுண்டு.

ராணி அத்தை: அந்தப் பேச்சே வேண்டாம்

மாமா: இத்தனை சிரமம் எதற்கு? அன்றைக்கு ஓட்டலில் வடை, கேசரி வாங்கிவிடலாமே. சீனாவிலிருந்து வருகிறவர்களுக்கு நம் ஊர்ப் பலகாரம் கொடுப்பதுதானே மரியாதை.

ராணி அத்தை: அதுவும் சரிதான்

கார்த்தி: மாமா, ஒன்று சொல்கிறேன். வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. 2020 ஜனவரி 25 அவர்களுக்குப் புத்தாண்டு. வூகான் இருக்கும் ஹூபெய் மாகாணத்தில் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வீடு உருண்டை பொரிப்பார்கள். அங்கே ஏரிகள் அதிகம், தாமரைக் கிழங்கு இல்லாத சமையலே கிடையாது. நாங்கள் விடுதியில் தனியாக இருக்கிறோமே என்று நாலு நாள் முன்னாலேயே ஆன்ட்டி ஒரு டப்பா நிறையப் பொரித்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். 23ஆம் தேதி காலை கொரோனாவால் ஊரையே மூடிவிட்டார்கள். வெளியே போக முடியாது. ஜன்னல் ஓரம் வைத்தால் கெடாத குளிர். நானும் அறையில் இருந்த பையனும் காலையில் மூன்று, ராத்திரி மூன்று என்று எண்ணி எடுத்து, வெந்நீர்க் கெட்டில் மேல் வைத்துச் சூடாக்கிச் சாப்பிட்டோம். அம்மா போன் செய்யும்போதெல்லாம் சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றேன். அது பொய்யில்லை என்பதற்கு அந்த டப்பாதான் காரணம்.

கார்த்தி: அவர்கள் ஊரில் உருண்டைக்கு யுவான்ஸி என்று பெயர். குடும்பம் ஒன்றுகூடுவதற்கும் துவான்யுவான் என்பார்கள், அதே யுவான்.

பெரியம்மா: இத்தனை வருஷமாக ஏனப்பா சொல்லவில்லை

ராணி அத்தை: அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்

மாமா: ஓட்டல் வேண்டாம். கிழங்கு நான் வாங்கி வருகிறேன். பிரியா, அடையாளத்தை மறுபடி அனுப்பு.

பிரியா: மேலே இருக்கிறது மாமா. குண்டு, முற்றல், மூடிய கணு.

பெரியம்மா: என் வீட்டிலேயே வையுங்கள். பெரிய இரும்புச் சட்டி சித்ராவிடம் இருக்கிறது, தீபாவின் வளைகாப்புக்கு வாங்கிப் போனது

சித்ரா சித்தி: திருப்பிக் கொடுத்தேனே அக்கா

பெரியம்மா: நீ கொடுத்தது சின்னச் சட்டி

பிரியா: தாமரைக் கிழங்கு இரும்பில் பட்டால் கறுக்கும். எவர்சில்வர் சட்டியே போதும்.

பெரியம்மா: அது வேறு. சட்டி என்னுடையது

சித்ரா சித்தி: பரணில் தேடிப் பார்க்கிறேன்

ராணி அத்தை: இஞ்சி, உப்பு அளவு சொல்லவில்லையே

பிரியா: விரல் நீள இஞ்சி துருவியது, வெங்காயத்தாள் ஒரு பிடி, மிளகுத்தூள். உப்பைப் பொரிக்கும் நேரத்தில்தான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் நீர் விடும். பிடிபடவில்லை என்றால் மட்டும் இரண்டு கரண்டி அரிசி மாவு. உருண்டை நெல்லிக்காய் அளவு இருக்கட்டும். எண்ணெய் புகையக் கூடாது, ஒரு கிள்ளு போட்டால் மெல்ல மேலே வர வேண்டும். போட்டவுடன் கரண்டியால் தொடாதீர்கள், மேலே தோல் கட்டட்டும். நடுத்தீயில் 5 நிமிடம், எடுத்து ஆறவிட்டு, அவர்கள் வந்ததும் நல்ல சூட்டில் இன்னொரு தடவை ஒரு நிமிடம். வெளியே மொறுமொறு, உள்ளே பிசுக்கென்று சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கும்.

மாமா: பச்சை மிளகாய்?

கார்த்தி: வேண்டாம் மாமா, அவர் செய்த மாதிரியே இருக்கட்டும்.

பெரியம்மா: நமக்குத் தனியாகக் கொஞ்சம் மிளகாய் போட்டுக்கொள்ளலாம்

சித்ரா சித்தி: எனக்கும் அப்படி

ராணி அத்தை: அடுப்படியில் நிற்கப்போவது யார்? பிரியா வெள்ளி ராத்திரியே வந்துவிடுவாளா

பிரியா: மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் வெள்ளி. இல்லாவிட்டால் சனி காலை பஸ். அதற்குள் துருவி வைக்காதீர்கள், நான் வந்த பிறகு துருவலாம்.

சித்ரா சித்தி: (படம்) இந்தச் சட்டியா அக்கா?

பெரியம்மா: இது சம்பந்தி வீட்டுச் சட்டி

பெரியம்மா: மோட்டார் இன்னும் ஓடுகிறது, யாராவது நிறுத்துங்கள்